பலகைச் சுவரும் செங்கல் சுவரும்: வீட்டு ஸ்பீக்கரில் மெய்யான ஓசை எது?

நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் வழியில் இருக்கிறது கோலா சாவா. அந்த வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்ற புதுக் குடியிருப்புகளின் வீடுகளுக்குப் போனார்கள். கூலி, நிலம், பள்ளி, கோயில் என்று இந்த மாற்றத்தைப் பேசும்போது ஒன்று எளிதில் விடுபட்டுப்போகும்: வீட்டுக்குள் கேட்ட ஓசையும் மாறிவிட்டது. லயத்து வீட்டின் பலகைச் சுவர் தாழ்ந்த ஒலியைத் தடுக்காது. தவிலின் அடியும் உறுமியின் இழுப்பும் பலகையை லேசாக அதிரவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். செங்கல் சுவரும் சிமெண்டுத் தரையும் அப்படியில்லை. தாழ்ந்த ஒலியை உள்ளேயே திருப்பி அனுப்பும். ஒரு குடும்பம் தன் பழைய ஸ்பீக்கரையும் தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய தேவார ஒலிநாடாவையும் அப்படியே எடுத்துப்போய்ப் புது வீட்டில் போட்டால் பாட்டு வேறாகக் கேட்கும். முன்பு மெலிந்திருந்த அடித்தளம் இப்போது வீங்கி ஓதுவாரின் சொற்களை மூடும்.

இரண்டில் எது பாட்டின் மெய்யான ஓசை? கருவிக் கடையில் கேட்டால் இதற்கு ஒரு பதில் உண்டு. தமிழ்ச் சமய நூல்களில் கேட்டால் அதைவிடக் கூர்மையான பதில் உண்டு.

கடைக்காரர் பதில் இன்று கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. ஹாங்காங்கின் மினிடிஎஸ்பி நிறுவனம் உள்ளங்கை அளவுப் பெட்டிகளை விற்கிறது. ஒலியை எண்களாக வாங்கி, எந்த அதிர்வெண்ணை ஏற்றலாம், எதை இறக்கலாம், எது பெரிய ஸ்பீக்கருக்குப் போகவேண்டும், எது சின்னதற்கு என்று அதில் வகுத்துவிடலாம். யூஎஸ்பி மைக் ஒன்றை நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி, ஜான் மல்காஹி எழுதிய ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு சீழ்க்கை ஏறிப்போகும். முடிந்ததும் திரையில் ஒரு கோடு வரும், மேடும் பள்ளமுமாக. மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பு, கோடு நேரானால் ஒலி திருந்திவிட்டது என்பார்கள்.

திருத்தம் என்றால் எதற்கு ஒப்பத் திருத்துவது? இங்கேதான் தத்துவம் நுழைகிறது.

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்க முறை கற்பிக்கிறார். அவர் எடுத்துக்கொள்ளும் சான்று ஒலியைப் பற்றியது: ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது செய்யப்படுவது, குடத்தைப்போல. இதற்கு எதிர்நிலையில் நின்றவர்கள் மீமாம்சகர்கள். ஒலி என்றும் உள்ளது, தொண்டையும் நாவும் அதை வெளிப்படுத்துகின்றன, ஆக்கவில்லை என்பது அவர்கள் கட்சி. “மூலப் பதிவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் ஒவ்வொரு ஸ்பீக்கர் நிறுவனமும் அறியாமலே மீமாம்சகர் பக்கம் நிற்கிறது. அதன் கணக்கில் பாட்டு எங்கோ முழுமையாகக் காத்திருக்கிறது, கருவி திரையை விலக்கினால் போதும். அறவண அடிகளின் பக்கம் நின்றால், கூடத்தில் கேட்பது அந்தக் கூடத்தில், அந்த நொடியில், அந்தச் சுவர்களோடு சேர்ந்து புதிதாகச் செய்யப்படும் ஒலி.

பௌதிகம் யாருக்குச் சாதகம்? தாமான் வீட்டுக் கூடம் 5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். நீளவாட்டில் அறை 35 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸிலும் தானே முழங்கும். அகலவாட்டில் 50 ஹெர்ட்ஸ், உயரவாட்டில் 58. அகலத்துக்குக் கிடைத்த 50 ஹெர்ட்ஸ், மலேசிய மின்சாரத்தின் அதிர்வெண்ணும்கூட. தரமற்ற ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலையும் அறையே தூக்கிக் கொடுக்கும். இந்த முழக்கங்கள் எதுவும் பதிவில் இல்லை, பாடியவரிடமும் இல்லை. ஒலி செய்யப்படுவது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

ஆனால் மீமாம்சகரை அவ்வளவு எளிதில் அனுப்பிவிட முடியாது. அந்த 50 ஹெர்ட்ஸ் மேட்டை வெட்ட, டிஎஸ்பி எனப்படும் அந்த எண்வழித் திருத்தப் பெட்டியில் மூன்று எண்கள் கொடுத்தால் போதும்: அதிர்வெண் 50, இறக்கம் 8 டெசிபல், வெட்டு எவ்வளவு குறுகலானது என்று சொல்லும் கியூ 6 என்பதுபோல. மேடு எந்த வடிவில் இருக்கிறதோ அதன் தலைகீழ் வடிவில் வடிகட்டி அமைந்துவிட்டால், ஒலியின் அளவு குறைவதோடு நிற்காது, அறையின் இழுவையும் குறையும். திருவிழாக்களில் காவடிக்கு முன்னால் போகும் உறுமி மேளத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தால் காதே சொல்லிவிடும். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த முனகல், முன்பு அடுத்த அடியோடு கலந்து ஒரே குமுறலாகக் கிடந்தது. இப்போது முனகல் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, குச்சி எப்போது தோலை விட்டு எழுகிறது என்பதெல்லாம் தெரியும். அறை சேர்த்ததைக் கழித்ததும் முன்பே இருந்த ஒன்று வெளிப்பட்டது. இந்த இடத்தில் மீமாம்சகர் சொன்னது பொருந்துகிறது.

பள்ளத்தில் அது பொருந்தாது. ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இரண்டு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து 87 ஹெர்ட்ஸ் அளவில் நேரொலிக்கு நேர்மாறாக வந்து சேரும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். திரையில் ஆழமான பள்ளம் விழும். அதை நிரப்ப 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் அந்த இடத்தில் பத்து மடங்கு ஆற்றலைக் கொட்டும். நேரொலி கூடும், திரும்பும் ஒலியும் அதே அளவு கூடும், அழிவு அப்படியே நிற்கும். மிஞ்சுவது சூடான சுருளும் திணறும் கூம்பும். இல்லாத ஒன்றை எந்த முயற்சியாலும் தோற்றுவிக்க முடியாது என்று சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் வாதாடிய சற்காரிய வாதம், இங்கே மின்கட்டணத்தோடு மெய்ப்பிக்கப்படுகிறது. பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரை நகர்த்துவது. சுவருக்கு அரை மீட்டர் வரை தள்ளினால் பள்ளம் 174 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். காரணத்தை மாற்றினால்தான் காரியம் மாறும்.

ஆகவே திருத்தம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செயல்கள் நடக்கின்றன. எது எந்தச் செயல் என்று அறிவது எப்படி? அறிவுக்கான கருவிகளை எண்ணி வரிசைப்படுத்தியவர் 13ஆம் நூற்றாண்டின் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார். சிவஞான சித்தியார் சுபக்கத்தின் தொடக்கத்திலேயே அவர் அளவைகளைப் பேசுகிறார். பிறர் ஆறென்றும் பத்தென்றும் சொன்னவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். ஒலி அளக்கும் மேசையில் இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

மைக் அறையைக் கேட்கிறது. அது காண்டலின் இடத்தில் நிற்கிறது. சீழ்க்கையிலிருந்து கணினி அறையின் துலங்கலைக் கணக்கிட்டு எடுப்பது கருதல். உரை எங்கே? மைக்கும் குறையில்லாததன்று. ஒவ்வொரு மைக்கும் உயர் அதிர்வெண்களில் சற்றே ஏறியோ இறங்கியோ கேட்கும். அதனால் தயாரிப்பாளர் அந்த மைக்கின் வரிசை எண்ணுக்கென்றே ஒரு திருத்தக் கோப்பைத் தருகிறார். அந்தக் கோப்பை வீட்டில் யாரும் சரிபார்க்க முடியாது. அதை நம்பி ஏற்றினால்தான் அளவீடு தொடங்கும். அறிவியல் முழுவதும் கண்ணால் கண்டதில் நிற்கிறது, சமயம் மட்டுமே பிறர் சொல்லை நம்புகிறது என்ற எளிய பிரிவு இந்தச் சின்னக் கோப்பின் முன் நிற்காது. நம்பத்தக்கவர் சொல்லா, இல்லையா என்பதே இரு இடத்திலும் கேட்கவேண்டிய கேள்வி.

காண்டலைப் பற்றி அருணந்தியார் இன்னும் நுட்பமாகப் போகிறார். ஐயமும் திரிபும் இல்லாததே குற்றமற்ற காட்சி. அதிலும் நான்கு வகை: பொறிவழிக் காட்சி, மனத்தின் வழியாக வரும் மானதக் காட்சி, இன்ப துன்பமாகத் தன்னுள் உணரும் தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. கடைசியானது நம் கூடத்துக்கு வெளியே. மற்ற மூன்றையும் ஈக்வலைசர் முன் உட்காரும் எவரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்.

1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலி ஆய்வாளர்கள் நான்கு ஸ்பீக்கர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கேட்டவர்கள் ஒருமுறை ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள், ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்துவைத்து. பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகள் உயர்ந்து நின்றன. மறைத்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. இன்னும் வியப்பானது, ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றிவைத்தால் ஒலி மாறுவதைக் கண்மறைவில் உணர்ந்தவர்கள், கண்ணால் பார்க்கும்போது அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காதால் கேட்டோம் என்று அவர்கள் சத்தியம் செய்திருப்பார்கள். கேட்டது பாதி மனம். பொறிவழிக் காட்சியும் மானதக் காட்சியும் வேறு என்று பிரித்த நூலுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்காது.

மனத்தைத் திரிபு செய்வது என்று மட்டும் தள்ளிவிடவும் கூடாது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர சட்ஜம் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். நான்கு அங்குலக் கூம்புள்ள சிறு ஸ்பீக்கர் அந்த அதிர்வெண்ணைக் கொடுக்கவே கொடுக்காது. மைக்கில் அங்கே வெறுமைதான். ஆனாலும் கேட்பவருக்கு மந்தர சட்ஜம் தெளிவாகக் கேட்கும். 130, 195, 260 என்ற மேல்சுரங்கள் வந்து சேர, மனம் அவற்றின் அடியை அறிந்துகொள்கிறது. தம்புராவில் இந்த மேல்சுரங்கள் ஏன் இவ்வளவு செழித்து எழுகின்றன என்பதை 1921இல் ஆராய்ந்து எழுதியவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். கம்பி வளைந்த குதிரையின் மேல் படிந்து எழுவதால், வழக்கமான கம்பி விதிப்படி இருக்கக்கூடாத சுரங்களும் அதில் பிறக்கின்றன. மைக்கின் சாட்சியும் பொய்யில்லை, காதின் சாட்சியும் பொய்யில்லை. மைக் காற்றைப் பற்றிச் சொல்கிறது, காது சுருதியைப் பற்றிச் சொல்கிறது. இதை அறியாமல் 65 ஹெர்ட்ஸில் பள்ளத்தைப் பார்த்ததும் அந்தச் சிறு கூம்பை உந்துவது, பாடகருக்கும் கூம்புக்கும் செய்யும் கேடு.

மைக்கும் காதும் பிரியும் இன்னொரு எல்லை 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. மேலே சொன்ன அளவுள்ள கூடத்தில், ஒலி அடங்க அரை நொடி ஆகுமென்றால், ஒலியியலாளர் ஷ்ரோடரின் கணக்குப்படி எல்லை அங்கே வரும். அதற்குக் கீழே அறையின் ஆட்சி. அதற்கு மேலே எதிரொலிகள் எண்ணற்றுப் பெருகி, மைக்கை ஒரு சாண் நகர்த்தினாலே கோடு மாறிவிடும். காது முதலில் வந்த நேரொலியையும் பின்னால் வரும் எதிரொலியையும் பிரித்தறியும். மைக் இரண்டையும் கூட்டி ஒரே கோடாகப் போடும். ஆகவே 200-க்குக் கீழே அளந்து வெட்டலாம். மேலே, ஸ்பீக்கரின் இயல்பான குறை என்று உறுதியாகத் தெரிந்ததைத் தவிர மற்றதைத் தொடாமல் விடுவதே நேர்மை. கோடு நேராகவேண்டும் என்ற ஆசையில் மேலேயும் கைவைத்துக் கெட்ட வீடுகளே அதிகம். நல்ல ஸ்பீக்கர் அறைக்குள் தாழ்விலிருந்து உயர்வுக்கு மெல்லச் சரியும் கோட்டையே தரும். டென்மார்க்கின் ப்ரூயல் அண்ட் கேயர் நிறுவனம் 1974-லேயே அப்படிச் சரியும் கோட்டைத்தான் இலக்காக முன்வைத்தது.

ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் சின்னதற்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் எழுப்பும் கேள்வி வேறு. ஒரே குரலை இரண்டு ஸ்பீக்கர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரியது உயிரெழுத்தின் உடலைக் கொடுக்க, சிறியது சகரத்தின் உரசலையும் நாதஸ்வரத்தின் கூர்மையையும் கொடுக்கிறது. 1976இல் சீக்ஃபிரிட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்து, அவர் பெயரோடு ரஸ் ரைலியின் பெயரையும் சேர்த்து வழங்கும் முறையில், பிரியும் அதிர்வெண்ணில் இரண்டும் ஆறு ஆறு டெசிபல் இறங்கி நிற்கும். அதாவது ஒவ்வொன்றும் பாதி அழுத்தம், ஒரே கட்டத்தில், அலையின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றாக. பாதியும் பாதியும் சேர்ந்து முழுமை. இது நேர்முன்னால் உட்கார்ந்தவருக்கு. 2,500 ஹெர்ட்ஸில் பிரித்திருந்தால் அலைநீளம் 14 சென்டிமீட்டர். எழுந்து நின்றதால் காதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் 7 சென்டிமீட்டர் வேறுபட்டால் போதும், சேர வேண்டியவை அழித்துக்கொள்ளும். ஒருமை பெட்டிக்குள் இல்லை, கேட்பவர் இருக்கும் இடத்தில்தான் கூடுகிறது.

கட்டம் துளியும் பிசகாத வடிகட்டிகளும் உண்டு. 4,096 எண்கள் கொண்ட அப்படியொரு வடிகட்டி 48,000 மாதிரி வேகத்தில் ஒலியை 43 மில்லிநொடி அளவு தாமதப்படுத்தி, அந்த இடைவெளியில் வரப்போவதைப் பார்த்து வேலை செய்யும். அதன் விலை, தவிலின் அடி விழுவதற்கு முன்பே மெல்லிய அதிர்வு ஒன்று எழலாம். காரியம் காரணத்துக்கு முந்திக் கேட்கும். உலகில் எந்தத் தோற்கருவியும் அடிக்குமுன் ஒலிப்பதில்லை. கணக்கில் தூய்மையானது காதுக்கு இயற்கைக்கு மாறாகப் படுவது இங்கேதான்.

இனி, ஓதுவாரின் குரலில் கைவைப்பது முறையா என்ற சமயக் கேள்வி. கோலா சாவாவில் ஒரு பிள்ளை மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்காக வீட்டில் பதிவைக் கேட்டுப் பண் பழகும்போது, அது பயிற்சி மட்டுமன்று, வழிபாடும்கூட. திருமுறையின் ஒலியை வடிகட்டியில் விடலாமா? சித்தாந்தத்தின் விடை ஐயத்துக்கு இடமில்லாதது. ஒலியே பரம்பொருள் என்ற சத்தப்பிரம வாதத்தைச் சித்தியார் பரபக்கம் மறுக்கிறது. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்ற நால்வகை வாக்கும் சுத்த மாயையின் காரியம். அவை உயிருக்கு அறிவை விளக்கும் கருவிகள், இறைவனே அல்ல. டிஎஸ்பி தொடுவது பிறர் செவிக்கு எட்டும் வைகரியை மட்டும். ஓதுவார் மனத்தில் ஓடிய சொல்லுக்கோ, அதற்கும் அடியிலிருக்கும் நுண்ணிய நிலைகளுக்கோ 50 ஹெர்ட்ஸ் என்ற எண்ணில் இடமில்லை. செங்கல் சுவர் சேர்த்த முழக்கத்தைக் கழிப்பதில் அபசாரம் எதுவும் இல்லை. சொல் தெளிவாகக் கேட்டால் பொருள் விளங்கும், அதற்காகத்தான் வைகரி. தேவாரப் பதிவில் எதிரொலியைச் செயற்கையாக ஏற்றிப் பெரிய கோயில் மண்டபம்போல் காட்டும் பழக்கத்தைத்தான் கேள்வி கேட்கவேண்டும். அங்கே பாடியவர் செய்யாத ஒன்று அவர் பெயரில் சேர்க்கப்படுகிறது.

சுவை என்ற ஒன்று மிச்சமிருக்கிறது. பாஸ் நிறைய வேண்டும் என்று கேட்கும் தோட்டத்து இளைஞரைப் பார்த்து ஒலி அறிந்தவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அது நியாயமில்லை. அவர் காதுக்கு அளவுகோல் திறந்த வெளியில் ஐந்தடி தள்ளி நின்று நெஞ்சில் வாங்கிய உறுமி. அந்த அடியை நான்கு அங்குலக் கூம்பு கொடுக்காதபோது அவர் குறையை உணர்வது சரி. இரவில் மெல்லிய ஒலியில் கேட்பவருக்கும் தாழ்ந்த ஒலி தேய்ந்தே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய காதின் இயல்பு அது. அதற்கு ஈடாகச் சற்று ஏற்றுவது கருதல் அளவையின்பாற்படும். இவற்றையெல்லாம் கடந்து, ‘எனக்கு இப்படித்தான் இனிக்கிறது’ என்று ஏற்றுவது தன்வேதனைக் காட்சி. அதுவும் அறிவுதான், ஆனால் கேட்பவரைப் பற்றிய அறிவு, பாட்டைப் பற்றியதன்று. மினிடிஎஸ்பி போன்ற பெட்டியில் நான்கு அமைப்புகளைச் சேமிக்கலாம். அளந்து செய்ததை ஒன்றிலும் விருப்பத்தை மற்றொன்றிலும் வைத்துக்கொண்டால், ஒன்றை மற்றொன்றின் பெயரால் நியாயப்படுத்தவேண்டிய தேவை வராது.

அளந்த அமைப்பும் யாருக்கு மெய்? மைக் நின்றது ஒரு நாற்காலியில். அந்த இடத்தின் மேட்டை வெட்டினால், மூன்றடி தள்ளிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இருந்ததும் போய்விடும். வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒருவர், வாசற்படியில் ஒருவர், சமையலறைக் கதவில் ஒருவர் என்று கேட்கும் குடும்பத்தில், ஒருவர் காதுக்கு மட்டும் திருத்துவது மற்றவர்களிடமிருந்து எடுத்துக் கொடுப்பது. குறைந்தது, மைக்கை நான்கைந்து இடங்களில் வைத்துச் சராசரி எடுக்கவேண்டும். அதைவிட நல்ல வழியும் உண்டு. தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் இரண்டு சிறியவற்றை வாங்கி, முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றுமாக வைத்து ஒரே ஒலியைக் கொடுத்தால், நீளவாட்டு 35 ஹெர்ட்ஸ் முழக்கத்தை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும். இரண்டும் அகலத்தின் நடுக்கோட்டில் நிற்பதால் 50 ஹெர்ட்ஸ் முழக்கத்தைத் தூண்டவே மாட்டா. நீளவாட்டு 70 ஹெர்ட்ஸும் உயரவாட்டு 58 ஹெர்ட்ஸும் நிற்கும், அவற்றுக்கு மட்டும் வடிகட்டி போட்டால் போதும். மற்ற எண்களைப் பெட்டியில் எழுதாமலேயே பாட்டியின் இடத்திலும் பேரனின் இடத்திலும் உறுமி ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும்.